பேரவைத் தகராறுகள்: மைக், அவைக்குறிப்பு, தலை எண்ணிக்கை

கேள்வி இது: "தமிழ்நாடு சட்டப்பேரவை கூடினாலே அமளி, வெளிநடப்பு, குண்டுக்கட்டாக வெளியேற்றம் என்றுதான் செய்தி வருகிறது. உள்ளே எந்த விதிப்படி என்ன நடக்கிறது? சபாநாயகர் சொல்லிவிட்டால் அதோடு முடிந்ததா, நீதிமன்றம் போக வழியே இல்லையா?"

வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அவையில் வெடிக்கிற பெரிய தகராறுகளை உறுப்பினர்களின் நாகரிகக் குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. யார் பேசலாம், பேசியதில் எது குறிப்பில் நிற்கும், வாக்கை எப்படி எண்ணுவது ஆகிய மூன்றைச் சுற்றித்தான் அவை நடக்கின்றன. மூன்றையும் முடிவு செய்பவர் பேரவைத் தலைவர், அதாவது சபாநாயகர், ஒருவரே. ஆளுங்கட்சி ஆதரவோடு அந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

வழக்கமான நாளில் அவை காலையில் கூடும். பேரவைத் தலைவர் ஒரு திருக்குறளைப் படித்துப் பொருள் சொல்வார். பிறகு கேள்வி நேரம். அது முடிந்ததும், அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு, அறிக்கைகளை அவையில் வைத்தல், அதன் பின் அன்றைய முக்கிய அலுவல். நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடரில் அந்த அலுவல் பெரும்பாலும் துறைவாரி மானியக் கோரிக்கையாக, அதாவது ஒரு துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பதாக, இருக்கும். எந்த நாளில் எந்தத் துறை என்பதை அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே வகுத்துவிடும். அவை நடக்க வேண்டுமானால் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 234 பேர் கொண்ட அவைக்கு அது 24.

மோதல் அதிகம் வெடிப்பது கேள்வி நேரம் முடிகிற இடத்தில். கேள்விகள் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கப்பட்டவை, பதிலும் தயாராக இருக்கும். நேற்று இரவு நடந்த ஒரு சாவை, கைதை, கள்ளச்சாராய மரணத்தை எழுப்ப எதிர்க்கட்சிக்குக் கிடைக்கிற முதல் வாய்ப்பு நேரமில்லா நேரம்தான். சில கட்சிகள் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. கேள்வி நேரத்தை ஒத்திவைத்துவிட்டுத் தங்கள் பிரச்சினையை எடுக்கச் சொல்கின்றன. பேரவைத் தலைவர் மறுத்தால் முழக்கம், இருக்கைக்கு முன்னால் திரளுதல், எச்சரிக்கை, வெளியேற்றம் என்று வரிசையாக நடக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளை எழுப்பிய அதிமுக உறுப்பினர்கள் கறுப்புச் சட்டையில் வந்தார்கள், நாள்தோறும் வெளியேற்றப்பட்டார்கள், ஜூன் 26 அன்று அந்தக் கூட்டத்தொடர் முழுவதற்கும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2016 ஆகஸ்ட் 17 அன்று இதே அவையில் திமுக உறுப்பினர்கள் 79 பேர் ஒரு வாரத்துக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கட்சிகள் இடம் மாறி உட்கார்ந்தனவே தவிர, நடைமுறை மாறவில்லை.

பேசும் நேரத்தைப் பற்றிய இன்னொரு பழைய தகராறு, விதி 110. பேரவைத் தலைவரின் இசைவோடு அமைச்சர் ஒருவர் பொது முக்கியத்துவம் உள்ள பொருளில் அறிக்கை படிக்கலாம்; அதன் மீது விவாதம் கிடையாது. அவசர அறிவிப்புக்காக வைத்த விதி இது. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது புதிய திட்டங்களை அறிவிக்கும் வழக்கமான வழியாகவே ஆகிவிட்டது. அப்போது குறை சொன்ன திமுகவும் ஆட்சிக்கு வந்தபின் இந்த விதியைக் கைவிடவில்லை. ஒரு திட்டத்துக்குப் பணம் எங்கிருந்து வரும், எப்போது முடியும் என்று அந்த இடத்திலேயே கேட்க எதிர்க்கட்சிக்கு வழியில்லை; துறையின் மானியக் கோரிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டும். அமளியைவிட இந்தப் பழக்கம்தான் அவையை அதிகம் பலவீனப்படுத்துகிறது என்பது என் கருத்து. சத்தம் எழாததால் செய்தியில் அது படுவதில்லை.

இருக்கை ஒதுக்கீடும் பேரவைத் தலைவரின் அதிகாரம்தான். அதிமுக பிளந்தபின் எதிர்க்கட்சித் துணைத் தலைவர் இருக்கையில் ஓ. பன்னீர்செல்வமே தொடரலாமா, கட்சி தேர்ந்தெடுத்த ஆர்.பி. உதயகுமார் உட்கார வேண்டுமா என்ற கேள்வி 2022-இல் எழுந்து, 2022 அக்டோபரில் வெளியேற்றம் வரை போய், 2024 பிப்ரவரியில்தான் இருக்கை மாற்றத்தோடு தீர்ந்தது. அற்பச் சண்டை போலத் தெரியும். ஆனால் யாரை எந்தக் கட்சியின் பிரதிநிதியாக அவை ஏற்கிறது என்பதைக் காட்டுவதே அந்த நாற்காலிதான்.

அடுத்தது அவைக்குறிப்பு. அவையின் நடுவில் சுருக்கெழுத்தாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறி, ஒவ்வொரு சொல்லும் எழுதப்படும். அவை மரபுக்கு ஒவ்வாத சொல், அவதூறு, வெளியே தற்காத்துக்கொள்ள முடியாதவர் மீதான குற்றச்சாட்டு ஆகியவற்றை நீக்கப் பேரவைத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. "அது அவைக்குறிப்பில் இடம்பெறாது" என்று அவர் சொன்ன நொடியில் அந்த வரி சட்டப்படி பேசப்படாத வரியாகிவிடுகிறது. அதைப் பத்திரிகை அச்சிட்டால், அவையின் சிறப்புரிமையை மீறியது, அதாவது உரிமை மீறல், என்று நடவடிக்கை எடுக்கலாம். பீகார் சட்டப்பேரவையில் நீக்கப்பட்ட பேச்சை 'சர்ச்லைட்' நாளேடு வெளியிட்டதால் எழுந்த வழக்கில், 1958-இல் உச்ச நீதிமன்றம் அவையின் பக்கமே நின்றது. பின்னர் 1978-இன் 44-வது திருத்தம் அரசமைப்பில் 361ஏ பிரிவைச் சேர்த்தது. அவை நடவடிக்கைகளைப் பெருமளவு உண்மையாக, தீய நோக்கமின்றி வெளியிட்டால் வழக்குத் தொடர முடியாது என்கிறது அது. ஆனால் அவையின் சொந்த உரிமை மீறல் அதிகாரம் இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் பேரவையே இரண்டு முறை உதாரணம் காட்டியது. 1987 ஏப்ரலில் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விடுவித்தது. 2003 நவம்பர் 7 அன்று 'தி இந்து' நாளேட்டைச் சேர்ந்தவர்களுக்கும் முரசொலி ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை விதித்தது. மூன்றாம் நாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. எது உரிமை மீறல், அதற்கு என்ன தண்டனை என்று வரையறுத்து ஒரு சட்டம் இயற்றாதவரை இந்த ஆபத்து நீங்காது. அவையே புகார் சொல்கிறது, அவையே விசாரிக்கிறது, அவையே தண்டிக்கிறது.

குறிப்பு மீதான சண்டைகளில் அண்மைக்காலத்தில் பெரியது ஆளுநர் உரை. அரசமைப்பின் 176-வது பிரிவின்படி ஒவ்வோர் ஆண்டின் முதல் கூட்டத்தொடரிலும் ஆளுநர் உரையாற்ற வேண்டும். அந்த உரையை எழுதுவது அமைச்சரவை. 2023 ஜனவரி 9 அன்று ஆளுநர் ஆர்.என். ரவி அச்சிட்ட உரையில் சில பகுதிகளை விட்டுவிட்டுப் படித்தார். பெரியார், அம்பேத்கர், காமராஜர், அண்ணா, கலைஞர் பெயர்கள் வரும் பகுதியும் திராவிட மாடல் என்ற சொல்லும் விடுபட்டவற்றில் இருந்தன. பேரவைத் தலைவர் மு. அப்பாவு தமிழ் உரையைப் படித்து முடித்ததும், முதல்வர் மு.க. ஸ்டாலின் எழுந்து விதி 17-ஐத் தளர்த்தக் கோரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அச்சிட்டு வழங்கப்பட்ட உரை மட்டுமே குறிப்பில் ஏற வேண்டும், ஆளுநர் தாமாகச் சேர்த்ததும் விட்டதும் ஏறக் கூடாது என்பது அதன் சாரம். ஆளுநர் நாட்டுப்பண்ணுக்குக் காத்திராமல் வெளியேறினார். தீர்மானம் நிறைவேறியது.

இங்கே கவனிக்க வேண்டியது நடைமுறை. ஆளுநர் இருக்கும்போதே அவருடைய உரை பற்றித் தீர்மானம் எடுப்பது வழக்கமில்லை. அதனால்தான் விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது. விதியை மீறுவதற்கும், அவையின் ஒப்புதலோடு தளர்த்துவதற்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவது, வெறும் நடைமுறைப் பிழையைத் தாண்டி அரசமைப்புக்கே முரணானால், நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகலாம்; இரண்டாவதைத் தொடுவது கடினம். 2024 பிப்ரவரி 12 அன்று ஆளுநர் தொடக்க வரிகளோடு நிறுத்திக்கொண்டார். 2025 ஜனவரி 6 அன்று, நாட்டுப்பண் முதலில் இசைக்கப்படவில்லை என்று சொல்லி, படிக்காமலே போனார். தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடிப்பதே இங்குள்ள மரபு. இரண்டு முறையும் பேரவைத் தலைவர் தமிழ் உரையைப் படித்தார், குறிப்பில் அது ஏறியது.

இந்தச் சண்டைகளுக்கு மருந்து நேரலைதான். 2022 ஜனவரி 6 அன்று கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையானது. அது நல்ல தொடக்கம். ஆனால் எதிர்க்கட்சி பேசும்போது காட்சி துண்டிக்கப்படுகிறது என்ற புகாரும் கூடவே வந்தது. நாள் முழுவதும், வெட்டாமல் காட்ட வேண்டும். நீக்கப்படும் ஒவ்வொரு வரிக்கும் எந்த விதியின் கீழ் நீக்கினேன் என்று பேரவைத் தலைவர் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். இரண்டுக்கும் அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

வெளியேற்றத்துக்கு வருவோம். இதில் இரண்டு படிகள் உண்டு, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒழுங்கு மீறியவரை வெளியே போகச் சொல்வது பேரவைத் தலைவர் தாமாகச் செய்யக்கூடியது. அது அன்றைய நாளோடு சரி. போக மறுத்தால் அவைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். இடைநீக்கம் வேறு. அதற்கு உறுப்பினரின் பெயரைச் சுட்ட வேண்டும், தீர்மானம் கொண்டுவர வேண்டும், அவை வாக்களிக்க வேண்டும். இடைநீக்கம் எவ்வளவு நாள் நீளலாம் என்பதற்கு இப்போது எல்லை வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் 2021 ஜூலையில் பாஜக உறுப்பினர்கள் 12 பேரை ஓராண்டுக்கு நீக்கியதை 2022 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நடப்புக் கூட்டத்தொடரைத் தாண்டி நீக்கினால் அந்தத் தொகுதியே பிரதிநிதி இல்லாமல் போகிறது என்பது அதன் காரணம்.

நம் பேரவையும் இதில் ஒரு முறை தோற்றிருக்கிறது. 2015-இல் தேமுதிக உறுப்பினர்கள் 6 பேர் மீது உரிமைக்குழு பரிந்துரையின் பேரில் நடவடிக்கை எடுக்கப்பட்டது. குழு நம்பியது வீடியோ பதிவை. அந்தப் பதிவை உறுப்பினர்களிடம் காட்டி விளக்கம் கேட்கவில்லை. 2016 பிப்ரவரி 12 அன்று, அழகாபுரம் மோகன்ராஜ் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. நீதிமன்றம் எப்போது தலையிடும் என்பதற்கு இதுவே அளவுகோல். 212-வது பிரிவின்படி "நடைமுறை தவறு" என்று சொல்லிக்கொண்டு போனால் வழக்கு நிற்காது. அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மறுப்பு, அரசமைப்புக்கே முரண் என்று காட்டினால் நிற்கும்.

வாக்கு எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும் உயிர்நாடி. சாதாரணத் தீர்மானத்துக்குக் குரல் வாக்கெடுப்பு: "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று கேட்டு, எந்தக் குரல் ஓங்கியது என்று பேரவைத் தலைவர் அறிவிப்பார். யாராவது எதிர்த்து எண்ணச் சொன்னால் தலைகளை எண்ண வேண்டும். நம் அவையில் உறுப்பினர்கள் பகுதி பகுதியாக எழுந்து நிற்பார்கள். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என ஒவ்வொன்றாக எண்ணி எழுதப்படும்.

2017 பிப்ரவரி 18, சனிக்கிழமை நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் இது எல்லோர் கண்முன்னும் வந்தது. எடப்பாடி பழனிசாமி 16-ஆம் தேதி பதவியேற்றார். அவரை ஆதரித்த உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதியிலிருந்து வந்திருந்தார்கள். காலை 11 மணிக்கு அவை கூடியதும் மு.க. ஸ்டாலினும் ஓ. பன்னீர்செல்வமும் ரகசிய வாக்கெடுப்பு கேட்டார்கள். பேரவைத் தலைவர் ப. தனபால் மறுத்தார். மைக் பிடுங்கப்பட்டது, காகிதங்கள் பறந்தன, அவர் நாற்காலியில் திமுக உறுப்பினர் ஒருவர் போய் உட்கார்ந்தார். அவை 1 மணிக்கும், பிறகு 3 மணிக்கும் ஒத்திவைக்கப்பட்டது. திமுகவினர் வெளியேற்றப்பட்டார்கள். ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்பு செய்தன. முடிவு 122-க்கு 11.

இந்த எண்களைப் பிரித்துப் பார்த்தால் ரகசிய வாக்கெடுப்பு ஏன் அவ்வளவு முக்கியமானது என்று புரியும். ஆர்.கே. நகர் காலியாக இருந்ததால் அவையில் 233 பேர். அதிமுக 135: ஆதரவு 122, எதிர்ப்பு 11 (பன்னீர்செல்வம் அணி), வராதவர் ஒருவர், பேரவைத் தலைவர் ஒருவர். எதிரணியில் திமுக 89, காங்கிரஸ் 8, முஸ்லிம் லீக் 1. கருணாநிதி உடல்நலமின்றி வரவில்லை. யாரையும் வெளியேற்றாமல் எல்லோரும் இருந்து வெளிப்படையாக வாக்களித்திருந்தால் 122-க்கு எதிராக 108 வந்திருக்கும். அரசு தப்பியிருக்கும். ஆனால் 7 பேர் மறைவில் மாறி வாக்களித்தால் 115-க்கு 115. அப்போது 189-வது பிரிவின்படி பேரவைத் தலைவரின் தீர்மான வாக்கு முடிவு செய்யும். 8 பேர் மாறினால் 114-க்கு 116, அரசு கவிழ்ந்திருக்கும்.

அப்படியானால் தனபால் மறுத்தது தவறா? சட்டப்படி தவறில்லை. அரசமைப்பின் பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா இட்ட உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவி இழப்பார் என்கிறது. யார் எப்படி வாக்களித்தார் என்று தெரியாவிட்டால் அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தவே முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது. எதிர்க்கட்சியில் பெரும்பகுதியை வெளியே அனுப்பிவிட்டு எடுத்த வாக்கெடுப்புக்குச் சட்ட பலம் இருக்கலாம், நம்பகம் வராது. வேறொரு நாளுக்கு ஒத்திவைக்கத் தடை ஏதும் இல்லை. ஆளுநர் 15 நாள் அவகாசம் கொடுத்திருந்தார், அதில் 2 நாள்தான் போயிருந்தது. 1988 ஜனவரி 28 அன்று ஜானகி அரசின் வாக்கெடுப்பில் காவல்துறை அவைக்குள்ளேயே நுழைந்தது. இரண்டே நாளில் அரசு கலைக்கப்பட்டு குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. அந்தப் பாடம் கையில் இருந்தது.

பேரவைத் தலைவரையே நீக்க முடியாதா? முடியும். 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வந்திருப்போரில் பெரும்பான்மை போதாது; அப்போதைய மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது இடங்கள் நிறைந்த அவையில் 118 வாக்கு வேண்டும். தீர்மானம் விவாதத்தில் இருக்கும்போது அவர் தலைமை தாங்கக் கூடாது, ஆனால் உறுப்பினராகப் பேசலாம், வாக்களிக்கலாம். 2025 மார்ச் 17 அன்று அப்பாவு மீது அதிமுக கொண்டுவந்த தீர்மானத்தின்போது துணைத் தலைவர் கு. பிச்சாண்டி தலைமை தாங்கினார். 63 பேர் ஆதரித்தார்கள், 154 பேர் எதிர்த்தார்கள், தீர்மானம் தோற்றது. விதி நேராக நடந்த நாள் அது. 1972 டிசம்பர் 2 அன்று அப்படியில்லை. எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து பிரிந்த சூடு தணியாத நேரம். பேரவைத் தலைவர் கே.ஏ. மதியழகன் இருக்கையை விட்டு எழவில்லை. துணைத் தலைவர் பெ. சீனிவாசன் பக்கத்தில் வேறொரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் அவையை நடத்தினார்கள்.

கடைசியாக, கட்சித் தாவல். பேரவைத் தலைவரின் அதிகாரம் மிகவும் சந்தேகத்துக்கு உள்ளாவது இதில்தான். 2017 ஆகஸ்ட் 22 அன்று, அதிமுகவில் முதல்வர் பழனிசாமியை எதிர்த்த தினகரன் அணியின் 19 உறுப்பினர்கள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். ஒருவர் திரும்பிவிட, மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18 அன்று தனபால் தகுதிநீக்கம் செய்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்கள் அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் அல்லர். கட்சியைத் தாமாகத் துறந்தார்கள் என்ற பிரிவின் கீழ் நடவடிக்கை. அதற்கு மாறாக, பிப்ரவரி 18 அன்று அவையிலேயே அரசை எதிர்த்து வாக்களித்த 11 பேர் மீது எந்த முடிவும் வரவில்லை. சட்டம், உத்தரவை மீறியதைக் கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் மட்டுமே விலக்கு தருகிறது. அந்த அணி கட்சியோடு மீண்டும் இணைந்ததோ ஆகஸ்ட் 21 அன்று, ஆறு மாதம் கழித்து.

18 பேர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018 ஜூன் 14 அன்று இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தது. மூன்றாவது நீதிபதி அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். 2017 செப்டம்பரில் 18 இடமும் காலியானதால் அவையில் இருந்தவர்கள் 215 ஆகக் குறைந்தார்கள். பெரும்பான்மைக்குத் தேவையான எண் 117-லிருந்து 108-க்கு இறங்கியது. அந்தத் தொகுதிகள் 2019 ஏப்ரல், மே இடைத்தேர்தல்கள் வரை 19 மாதத்துக்கும் மேல் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் கிடந்தன. 11 பேர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பேரவைத் தலைவரே முடிவு செய்யட்டும் என்று 2020 பிப்ரவரி 14 அன்று முடித்துவைக்கப்பட்டது. வாக்களித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் ஆகப்போயின.

பேரவைத் தலைவர் முடிவெடுத்தால் அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று 1992-இல் கிஹோட்டோ ஹொல்லோஹன் வழக்கு சொல்லிவிட்டது. முடிவே எடுக்காமல் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு 2020 ஜனவரியில், மணிப்பூரிலிருந்து வந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: விதிவிலக்கான சூழல் இல்லாதவரை 3 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். அதே தீர்ப்பில், இந்த அதிகாரத்தைப் பேரவைத் தலைவரிடமிருந்து எடுத்து ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான நிரந்தரத் தீர்ப்பாயத்திடம் தருவதைப் பற்றி நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதைச் செய்ய அரசமைப்பைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் இன்னும் வரவில்லை.